சரிந்துபோன அறிவியல் கட்டடம்

ஏற்காட்டில் ஒரு பெண்கள் கல்லூரியின் அறிவியல் கட்டடம் மலைச்சரிவின் விளிம்பில் நின்றது. தாவரவியல் பேராசிரியை காமாட்சி, சேர்வராயன் மலையெங்கும் அலைந்து சேகரித்த செடிகளை உலர்த்தி, தாளில் ஒட்டி, அதன் மாடி அலமாரிகளில் அடுக்கி வைத்திருந்தார். இருபது வருட உழைப்பு.

எழுபத்தேழாம் வருடம் ஐப்பசி மழை விடவேயில்லை. ஒரு காலையில், மாடிக் கதவு நிலையில் பொருந்தவில்லை என்று காவலாளி முனியப்பன் வந்து சொன்னார். முதல்வர் ஜெயமேரி போய்ப் பார்த்தார். பின்சுவரில் கை நுழையும் அளவுக்கு விரிசல். எல்லோரையும் வெளியேற்றிவிட்டு, வாசற்படியில் தானே காவல் நின்றார்.

காமாட்சி நனைந்தபடி ஓடி வந்தார். அலமாரியில் இருப்பதையாவது எடுத்துக்கொள்கிறேன் என்று கெஞ்சினார். தானும் கூடப் போய்த் தூக்கி வருவதாக முனியப்பன் சொன்னார். ஜெயமேரி நகரவில்லை.

"போனா என் உசுருதானுங்களே போவுது?" என்றார் காமாட்சி.

"நீங்க உள்ள போனா முனியப்பனும் பின்னாலயே வருவாருங்க. அவருக்குக் கைக்குழந்தை இருக்குது."

காமாட்சி வாசற்படியிலிருந்து பின்வாங்கினார். மழையிலேயே நின்றார். மத்தியானம் பின்சுவர் முதலில் போனது. பிறகு கட்டடம் மொத்தமும் மண்ணோடு கீழே இருந்த காப்பித் தோட்டத்துக்குள் இறங்கியது. யாருக்கும் காயமில்லை. தோட்டத்துப் பெண்கள் பொறுக்கிக் கொடுத்த தாள்களில் ஒன்றுகூடத் தேறவில்லை.

அடுத்த மாதமே காமாட்சி சேலத்தில் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். ஜெயமேரி எழுதிய கடிதங்களுக்குப் பதில் வரவில்லை. அந்த இடத்தில் மறுபடி கட்ட அனுமதி கிடைக்கவில்லை. புதர் மண்டியது. பின்னால் சேர்ந்த மாணவிகளுக்கு அங்கே ஒரு கட்டடம் இருந்ததே தெரியாது.

பல வருடம் கழித்துச் செம்மநத்தத்தில் முனியப்பன் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் ஜெயமேரிக்குப் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தார் காமாட்சி. தலை முழுக்க நரைத்திருந்தது.

"அன்னிக்கு நீங்க செஞ்சது சரிதானுங்க," என்றார் காமாட்சி, இலையைப் பார்த்தபடி. "நொம்ப நாளாவே எனக்கு அது தெரியும். ஆனா மனசு ஆறலைங்க. இன்னமும் ஆறலை."

ஜெயமேரி மெல்லத் தலையசைத்தார். பாயச வாளியோடு முனியப்பன் வரிசையில் வந்துகொண்டிருந்தார். காமாட்சி கண்ணைத் துடைத்துக்கொண்டு டம்ளரை நீட்டினார்.