கறுப்புக் கிளிப்

"வாசப்படிய தாண்டின, கால ஒடிச்சுடுவேன்!"

ரேணுகா போட்ட சத்தத்தில் மகள் ஸ்வாதி தூக்கிய காலை இழுத்துக்கொண்டாள். அவளுக்கு நாலரை வயது. செங்கல்பட்டை ஒட்டிய அந்தத் தெருவில், எதிர்மனையில் வீடு கட்ட இறக்கியிருந்த மணல் குவியலில் பிள்ளைகள் ஏறிச் சறுக்கிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் பையன்கள். அதில் ஒரு பெண் பிள்ளைகூட இல்லை என்பது தெருவில் யார் கண்ணையும் உறுத்தவில்லை.

"வுடேன், ஆடிட்டு வரட்டும். டாக்டரம்மா இன்னா சொன்னாங்க?" என்றான் ரேணுகாவின் கணவன் தமிழ்வாணன். ஞாயிற்றுக்கிழமை, மறைமலைநகருக்குக் கம்பெனி பஸ் இல்லை. வாசலில் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் தெளிவாகத்தான் சொல்லியிருந்தார். ஸ்வாதி இரண்டு மாதமாகக் கால் வலி என்று அழுகிறாள். மருந்து மட்டும் போதாது, தினமும் வெயிலில் விடுங்கள், ஓடட்டும், மண்ணைக் கிளறட்டும், நீங்கள் எதுவும் சொல்லித்தராதீர்கள், அவளுக்குத் தோன்றியதை விளையாடட்டும் என்றார். "மேடம், வெயிலுக்குப் பதிலா டானிக் எதுனா கீதா?" என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள் ரேணுகா.

"வெயில்ல ஆடினா கறுத்துப் பூடுவா. நாளைக்கு எவன் கட்டிக்குவான்?"

"நாலு வயசுக்கு இப்பவே மாப்ள பாக்கறியா?"

"நீ பேசாத. தொடைக்கிறியே பைக்கு, அது இன்னாத்துக்கு வந்துது?"

துணி பிடித்த கை நின்றது.

ரேணுகாவை மூன்று குடும்பங்கள் வந்து பார்த்து, கேசரியும் தின்றுவிட்டு, பெண் நிறம் கம்மி என்று சொல்லியனுப்பின. நாலாவதாக வந்த தமிழ்வாணனின் அப்பா பெரிய மனசு பண்ணினார். நகைக்கு மேல், நிறத்துக்கு ஈடாக ஒரு பைக் மட்டும் கேட்டார்.

"எங்கப்பா கேட்டாரு. நானா கேட்டேன்?"

"ஓட்டிக்கினு கீறது யாரு?"

துணியை வாளியில் எறிந்துவிட்டு நடந்தே போனான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்ற ஸ்வாதி எப்போது உள்ளே போனாள் என்று இருவரும் கவனிக்கவில்லை.

ரேணுகா உள்ளே வந்தபோது, மகள் துணி கிளிப்புகளை வைத்து விளையாடிக்கொண்டிருந்தாள். சிவப்பு, மஞ்சள், பச்சை எல்லாம் ஜன்னலோரம் வெயிலில் வரிசையாக நின்றன. கறுப்பை மட்டும் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

"நீ வெளிய வராத. நீ கறுப்பு. உங்கப்பா பைக்கு வாங்கித் தரணும்."

ரேணுகாவுக்கு மாமனார்மேல், கேசரி தின்றவர்கள்மேல், எல்லாரையும்விடத் தன்மேல் ஆத்திரம் வந்தது. விடுவிடுவென்று போய்க் கிரில் கதவைத் திறந்தாள்.

"போடி, போய் மண்ணுல ஆடு."

ஸ்வாதி படிவரை வந்தாள். வெயில் விழுந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்துவிட்டு இழுத்துக்கொண்டாள்.

"வேணாம்மா. கறுத்துடுவேன்."

ரேணுகா கெஞ்சிப் பார்த்தாள், மிரட்டிப் பார்த்தாள். பிள்ளை நகரவில்லை. சொல்லிக்கொடுத்ததை அவ்வளவு நன்றாகக் கற்றிருந்தது.

ரேணுகா செருப்புகூடப் போடாமல் தெருவைக் கடந்தாள். மணல் குவியலில் சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் தோண்ட ஆரம்பித்தாள். பையன்கள் வாயைப் பிளந்தார்கள். மாடியிலிருந்து யாரோ சிரித்தார்கள்.

"அம்மா, உள்ள வா! கறுத்துடுவ!" என்று கதவோரத்திலிருந்து அலறினாள் ஸ்வாதி.

"நான் கறுப்புதாண்டி" என்றாள் ரேணுகா, தோண்டுவதை நிறுத்தாமல்.