நாற்பத்தொன்றாம் மரத்தின் வேர்

காளான் இருந்த இடத்தில் காளான் இல்லை.

நாற்பத்தொன்றாம் எண் மரத்தின் அடியில், தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், ஐந்து வருடமாக நான் அளந்து வந்த காளான் அது. குளம்பு மாதிரி கெட்டியானது; மேலே பழுப்பு, விளிம்பில் வெள்ளை. முதல் வருடம் உள்ளங்கை அகலம் இருந்தது. போன வருடம் இரண்டு கைகளையும் விரித்து வைத்தும் மறைக்க முடியவில்லை. இப்போது அங்கே வெளிறிய ஒரு தழும்பும் அதன் ஓரத்தில் இரும்பு பட்ட கோடும் மட்டும் இருந்தன.

நிலக் காவலன் என்றால் துப்பாக்கி வைத்திருப்பவன் என்று நினைப்பார்கள். என்னிடம் இருப்பது ஒரு மரச்சுத்தி, ஒரு அளவு நாடா, ஒரு நோட்டு. காற்றுக்காலம் தொடங்கும் முன் எண் போட்ட முந்நூறு மரங்களையும் சுற்றி வந்து தட்டிப் பார்க்க வேண்டும். உச்சியில் இலை சிறுத்திருக்கிறதா, எந்தக் காளான் எங்கே முளைத்திருக்கிறது, எந்தப் பொந்தில் எது குடியிருக்கிறது என்று எழுத வேண்டும். நிலம் ஒரு அறக்கட்டளையுடையது. நான் எழுதுவதை வைத்துத்தான் எதை வெட்டுவது, எதை விடுவது, எந்த இடத்தை மூடுவது என்று முடிவு செய்வார்கள்.

நாற்பத்தொன்றின் நிழலில் பதினான்கு கூடாரங்கள். வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவார்கள். அந்த இடத்தைக் குத்தகைக்கு எடுத்து நடத்துபவன் என் சகலை. என் மனைவியின் தங்கை கணவன். அவனும் நானும் அறக்கட்டளை கொடுத்த ஒரே வீட்டின் இரண்டு பாதிகளில் குடியிருக்கிறோம். சமையலறைகளுக்கு நடுவே ஒரே சுவர். அக்காவும் தங்கையும் துணி காயப்போடும்போது பேசிக்கொள்வார்கள். நானும் அவனும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. நான் ஜீப்பை விட்டு இறங்காமலே மரங்களைப் பார்க்கிறேன் என்று அவன் அலுவலகத்துக்கு எழுதிப் போட்டான். ஒரே ஒரு நாள், காய்ச்சலோடு, பத்து மரங்களை அப்படிப் பார்த்தேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ மன்னித்திருப்பேன்.

சுத்தியால் தட்டினேன். பானையைத் தட்டியது போலச் சத்தம் வந்தது.

கொழுந்தியாள் பக்கத்துக் கூடாரத்திலிருந்து பாய்களை எடுத்து உதறிக்கொண்டிருந்தாள். சகலை கயிறு இழுத்துக் கட்டியபடி அவளிடம் சொன்னான், எனக்குக் கேட்கும்படி.

"உங்க அத்தான் கதவத் தட்டுறாரு பாரு. உள்ள யாரும் இல்லனு சொல்லிட்டாங்களாமா?"

நானும் அவளைப் பார்த்தே பேசினேன். "இங்க இருந்த காளான யாரு எடுத்தானு கேளும்மா."

"கேக்குறாரு," என்றாள் அவள், இரண்டு பேரையும் பார்க்காமல்.

"நான்தான் எடுத்தேன்னு சொல்லு. புண்ணு மாதிரி இருந்துது, சுத்தம் பண்ணிட்டேன். மரத்துக்கு நல்லதுதான பண்ணியிருக்கேன்? ஒரு நன்றிகூட வராதே அந்த வாயில."

மாமரத்தில் மாங்காயைப் பறித்துவிட்டு மரத்தையே பிடுங்கிவிட்டேன் என்று நினைப்பது போலத்தான் இது. வெளியே தெரியும் காளான் வெறும் காய். அதன் உடம்பு மரத்துக்குள்ளே இருக்கிறது, வருடக்கணக்காகத் தின்றுகொண்டிருக்கிறது. ஆனால் அவன் ஏன் எடுத்தான் என்பது எனக்குத் தெரியும். 'காளான் இன்னும் வளர்ந்தால் கூடாரங்களை மூட வேண்டும்' என்று போன வருட அறிக்கையில் எழுதியிருந்தேன். அறிக்கையின் நகல் குத்தகைதாரருக்கும் போகும்.

ஜீப்பிலிருந்து துளைக்கருவியை எடுத்து வந்தேன். அதன் மெல்லிய ஊசி மரத்துக்குள் இறங்க இறங்க, உள்ளே எவ்வளவு உறுதி என்று ஒரு காகிதத்தில் கோடு விழும். உறுதியான மரத்தில் கோடு மேலேயே ஓடும். உளுத்த இடம் வந்தால் சரிந்துவிடும். மூன்று பக்கம் துளைத்தேன். ஒவ்வொரு முறையும் கோட்டைப் பார்த்துக்கொண்டே, விழு, விழு என்று மனதுக்குள் சொன்னேன். அது விழவில்லை. நடுவில் வெறும் கூடுதான், ஆனால் சுற்றிலும் ஒரு சாணுக்கு மேல் நல்ல கட்டை. எங்கள் கணக்கில் இந்த மரம் நிற்கும். உச்சியைக் கொஞ்சம் கழித்துவிட்டால் இன்னும் இருபது வருடம் நிற்கும்.

எனக்கு வந்தது ஏமாற்றம். மறைத்துப் பயனில்லை.

மரத்தைச் சுற்றி வந்தேன். மேல் பொந்தில் ஆந்தைக் குடும்பம் இருந்தது. கீழே எலி எலும்பும் மயிருமாக அது கக்கிய உருண்டைகள் கிடந்தன. இரண்டை எடுத்துப் பையில் போட்டேன். காற்று அடிக்கும் மேற்குப் பக்கத்துக்கு வந்ததும் கால் புதைந்தது. யாரோ சருகைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார்கள். விலக்கினேன். தொடைத் தடிமன் வேர் ஒன்று துண்டாக வெட்டுப்பட்டிருந்தது. ஒரு முழம் தள்ளி இன்னொன்று. காற்று தள்ளும்போது மரத்தைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடிப்பவை இந்தப் பக்கத்து வேர்கள்தான்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக அவன் முகத்தைப் பார்த்துக் கேட்டேன். "இது என்ன?"

"பன்னி தோண்டியிருக்கும்."

"பன்னிக்கு மண்வெட்டி யாரு வாங்கிக் குடுத்தா?"

கொழுந்தியாள் சட்டென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் அவளை முறைத்தான். பிறகு என்னை.

"காளான எடுத்தப்புறம் மண்ணுல வெள்ள வெள்ளையா நூலு ஓடுச்சு. அது பின்னாடியே போய் வெட்டினேன். அடியோட எடுத்தாதான வியாதி போகும்?"

அந்த நூல்கள் வேறு காளானுடையவை. வேருக்குத் தண்ணீர் தேடித் தருபவை. அவற்றைத் துரத்திக்கொண்டு போய் மரத்தின் காலை வெட்டியிருக்கிறான். இதைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. கருவியைத் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். எனக்குள் ஏதோ ஒன்று பாட்டே பாடிக்கொண்டிருந்தது.

மதியம் சமையலறை மேசையில் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டே சாப்பிட்டேன். மரத்தின் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு தூரத்துக்குள் ஆள் இருக்கக் கூடாது. கூடாரங்களை உடனே எடுக்க வேண்டும். ஆந்தைக் குஞ்சுகள் பறந்த பிறகு மரத்தை வெட்டலாம். எல்லாம் எழுதிவிட்டேன். 'காரணம்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது.

"நீங்க நெனச்சது நடந்துடுச்சு," என்றாள் மனைவி.

"வேர வெட்டினது நானா?"

"நீங்கனு யாரு சொன்னா? சந்தோஷமா இருக்கீங்க. சாப்பிடுற விதத்துலயே தெரியுது."

கையில் இருந்ததைத் தட்டில் வைத்தேன்.

"அவரு பேர எழுதாதீங்க," என்றாள். "எழுதினா குத்தகையும் போயிடும், வீடும் போயிடும். அவ எங்க போவா?"

"எழுதலன்னா பொய்."

"உண்மைதான் எழுதுறீங்கனு இந்த உலகத்துல யாரு நம்புவா? நானே நம்பணும்னா கஷ்டப்படணும்."

சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. அந்த மரம் நல்லபடியாக இருந்தபோது அது விழ வேண்டும் என்று விரும்பினேன். இப்போது அது விழும் என்பது நிஜம். நிஜத்தை எழுதுகிற கையும் பகையைத் தீர்க்கிற கையும் ஒரே கை. எதற்காக எழுதுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. சனிக்கிழமை கூடாரங்களில் தங்க ஆட்கள் வருகிறார்கள். இன்னொருவரை வரவழைத்துப் பார்க்கச் சொல்ல நேரமில்லை.

மூன்று மணி சுமாருக்குப் படிவத்தை எடுத்துக்கொண்டு போனேன். சகலை வாங்கி நின்றபடியே படித்தான்.

"ஆந்தைக்குஞ்சு பறக்குற வரைக்கும் மரத்தத் தொடக்கூடாது. என் கூடாரத்த மட்டும் இன்னிக்கே பிரிக்கணும். ஆந்தைக்கு இருக்குற மரியாத எனக்கு இல்ல."

"ஆந்தை வேர வெட்டல."

"காரணம் காலியா இருக்கே. பேனா கிடைக்கலயா?"

"நீயே எழுது," என்று பேனாவை நீட்டினேன்.

அவன் பேனாவை வாங்கினான். பிறகு ஒரு பெட்டியின் மேல் படிவத்தை வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதினான். எழுதி முடித்ததும் என் நெஞ்சில் இடிக்கிற மாதிரி நீட்டினான். இரண்டு வரி.

'காளானை வியாதி என்று நினைத்து நான்தான் வேரை வெட்டினேன். காளான் என்றால் என்ன என்று காவலருக்குத் தெரியும், போன வருடமே தெரியும், பக்கத்து வீட்டில் இருந்தும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.'

"பொய்யா?" என்றான். எப்போதும் என்னை 'நீங்க' என்றுதான் சொல்வான். மூத்தவளின் கணவன் என்பதால். இன்று அது போய்விட்டது. "உன் அறிக்கைய கையில வச்சுக்கிட்டு உன் வாசல்ல வந்து நின்னேனா இல்லயா?"

நின்றான். போன வருடம் துணிக் கொடிக்குப் பக்கத்தில், தாளைச் சுருட்டிப் பிடித்தபடி, ஒரு கால் மாற்றி ஒரு கால் வைத்து நின்றான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு வந்திருக்கிறான், கொஞ்சம் நிற்கட்டும் என்று நினைத்தேன். பிறகு எழுந்து போய்க் கதவைத் தாழிட்டேன். அந்தத் தாழ்ப்பாள் சத்தம் அவனுக்குக் கேட்டிருக்கும். கேட்க வேண்டும் என்றுதான் போட்டேன்.

"அது வெறும் காய், தொடாதேனு ஒரு வார்த்த. நான் மண்வெட்டியத் தொட்டிருப்பேனா?"

படிவத்தைத் திரும்பவும் அதே பெட்டியின் மேல் வைத்து, அவனுடைய இரண்டாவது வரிக்குக் கீழே 'சரி' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவன் எட்டிப் பார்த்தான். முகத்தில் எதுவும் மாறவில்லை.

"ரெண்டு பேரயும் அனுப்பிடுவாங்க," என்றான்.

"அனுப்பலாம்."

"கும்பிடு போடுவேன்னு பாக்காத."

"பாக்கல."

அவன் கூடார முளைகளைப் பிடுங்க ஆரம்பித்தான். நான் ஜீப்பிலிருந்து சிவப்புக் கயிற்றை எடுத்து, தூரம் அளந்து, கம்பு கம்பாகச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தேன். முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு பேரும் வேலை செய்தோம். பெண்கள் இருவரும் பாய்களையும் கம்பளிகளையும் தூக்கிக்கொண்டு போய் வந்தார்கள். வெளிச்சம் சரியும் நேரத்தில் கயிறு தொடங்கிய இடத்துக்கே வந்து சேர்ந்தது. அவன் மட்டும் உள்ளே, மண்டியிட்டு, ஒரு முளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான்.

"வெளிய வா, சகலை. கயித்தக் கட்டணும்."

"கடைசி முள. வரமாட்டேங்குது." அவன் நிமிரவில்லை. "அவசரம்னா என்னையும் உள்ள வச்சுக் கட்டிட்டுப் போ."

கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.