குளிருக்குப் பழகுதல்

தாதி கத்தரிக்கோலைக் காலுறையின் விளிம்பில் வைத்தபோதுதான் குணவதி கண் திறந்தார். ஒட்சிசன் மாஸ்க்குக்குள் வாய் அசைந்தது.

"வெட்ட வேண்டாமெண்டு சொல்லு பிள்ளை."

மகள் வதனி சொல்லவில்லை. கத்தரிக்கோல் கம்பளியைக் கிழித்துக்கொண்டு முழங்கால்வரை போனது. பெப்ரவரி மாதத்து சிட்னி வெயில் வெளியே தாரை உருக்கிக்கொண்டிருக்க, இந்த மனுஷி முழங்கால்வரை கம்பளிக் காலுறை போட்டிருந்தார். நேற்று இன்று இல்லை, பல மாதங்களாக. கனடாக் குளிருக்கு இப்போதே பழகுகிறாராம். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அதிகம் சிரித்தது வதனிதான்.

காலுறைக்குள் இருந்தது அவளுக்குத் தெரிந்த கால் இல்லை. வீங்கிப் பளபளத்து, தோல் இறுகிக் கிடந்தது. தாதி பெருவிரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது, விழுந்தபடியே இருந்தது. எவ்வளவு நாளாக இப்படி என்று டொக்டர் கேட்டார். வதனிக்கு முதியோர் இல்லத்தில் வேலை. தினமும் காலையில் ஊரார் தாய்மாரின் கால்களைத் துடைத்து, கிறீம் பூசி, வீக்கம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

இருதயம் களைத்துப்போய் நுரையீரலில் நீர் ஏறிவிட்டது என்றார் டொக்டர். அவர் கணினியில் தட்டத் தொடங்கியதும் குணவதியின் கை வதனியின் சட்டையைப் பிடித்து இழுத்தது.

"எழுத வேண்டாமெண்டு சொல்லு. கனடாக்காரருக்குத் தெரிஞ்சால் விடமாட்டாங்கள்."

அதுதான் அவர் கடைசியாகச் சொன்னது. பின்னேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கனடா என்றால் வேறொன்றுமில்லை, அண்ணன். ஸ்ரீகாந்தன் அமெரிக்காவில், பஃபலோ நகரத்தில் இருந்தான். ஆற்றைக் கடந்தால் கனடா. அங்கே நிரந்தர வதிவிடம் கிடைத்ததும், போன வருஷம் முழுக்க அவனுடைய தொலைபேசிப் பேச்செல்லாம் ஒரே வீடு மாறும் பேச்சுதான். ட்ரக்குக்கு என்ன வாடகை, அமெரிக்கக் காரைக் கொண்டுபோனால் என்ன வரி, ஹெல்த் கார்ட் எப்போது கிடைக்கும், நாய்க்கு என்ன ஊசி. இந்தக் கதைகளுக்கு நடுவில், போகிற போக்கில் ஒருநாள் சொன்னான்:

"அங்க போய்ச் செட்டிலாகினதும் உங்களைக் கூப்பிடுறன் அம்மா. ஆனா மெடிக்கல் கிளியரா இருக்கோணும். ஃபைலில ஒரு வருத்தமும் இருக்கப்படாது."

அவன் அடுத்த நிமிஷமே நாய்க்கு மாறிவிட்டான். குணவதிக்கு அது வேதவாக்கு. அதற்குப் பிறகு அவர் டொக்டரிடம் போகவேயில்லை. வதனி கூப்பிட்டால், "எனக்கென்ன, கல்லுக் குண்டு மாதிரி இருக்கிறன்" என்பார். படுத்தால் மூச்சு வாங்கியதால்தான் தலையணைகளை அடுக்கிச் சாய்ந்திருந்திருக்கிறார். ஐபாட்டில் நாடகம் பார்க்கிறார் என்று இவர்கள் நினைத்தார்கள்.

பதினொரு வருஷம் சிட்னியின் டூங்கபியில் வதனியின் வீட்டில் இருந்தார். அவள் கையால் சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டே, "மகள் வீட்டில கிடந்து சாகப்படாது. எனக்கு அவன்ர கையாலதான் கொள்ளி" என்று யார் வந்தாலும் சொல்வார். வதனிக்கு அது ஒவ்வொரு முறையும் சுட்டது. சுட்டாலும் அடுத்த அகப்பை சோற்றைப் போட்டாள்.

செய்தியை, கால் வீக்கத்தையும் சேர்த்து, வதனியின் கணவன் உமாசுதன்தான் சொன்னான். ஸ்ரீகாந்தன் தொலைபேசியிலேயே குழறி அழுதான். அழுது முடித்துக் காரணங்களைச் சொன்னான். ட்ரக்கில் சாமான் ஏற்றியாகிவிட்டது. பஃபலோ வீட்டைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. நாளைக்கு எல்லை கடக்க வேண்டும். புது வதிவிட கார்ட் கைக்கு வராமல் வெளியே போனால் திரும்பக் கனடாவுக்குப் பிளேன் ஏற்றமாட்டார்கள். எல்லாவற்றையும் வதனி தேடிப் பார்த்தாள். ஒன்றுகூடப் பொய்யில்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

செத்த வீட்டு மண்டபத்தில் பெட்டியின் தலைமாட்டில் ஒரு ஸ்டாண்ட் வைத்து, அதில் போனைப் பொருத்தினார்கள். கனடாவின் ஸ்காபரோவில், பிரிக்காத அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில், வேட்டி கட்டிக்கொண்டு ஸ்ரீகாந்தன் தெரிந்தான். பக்கத்தில் நாய் படுத்திருந்தது. ஐயர், மருமகன் உமாசுதனின் கையில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, "மகன் அங்கயிருந்து மனசால செய்யட்டும்" என்றார். மனசால் செய்வதற்கு எந்த எல்லையிலும் தடை இல்லை என்று வதனி நினைத்துக்கொண்டாள்.

வாய்க்கரிசி போட அவள் முன்னே வந்தபோது அண்ணன் கேட்டான். போனின் சத்தத்தைக் குறைக்க யாருக்கும் தோன்றவில்லை. மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நீ கூட இருந்து என்னத்தைப் பாத்தனீ வதனி? கால் அவ்வளவு வீங்கினது தெரியேல்லையோ? ஒரு டொக்டரிட்டக்கூடக் காட்டேல்லையோ?"

முன்வரிசையில் இருந்த வைதேகி அன்ரி குனிந்து கைப்பையில் எதையோ தேடினார். உமாசுதன் போனை நோக்கி ஓர் அடி வைத்து நின்றான்.

பதில் வதனியின் நாக்கு நுனியில் இருந்தது. நீ போகிற போக்கில் சொன்ன ஒரு வார்த்தைக்காக அம்மா காலை மூடி வைத்திருந்தா. அவ்வளவுதான். அதைச் சொன்னால் அவன் சாகும்வரை அதைச் சுமப்பான். சுமக்கட்டும் என்றுதான் அவளுக்கு இருந்தது. ஆனால் பெட்டிக்குள் அம்மா கிடந்தார், மூக்கில் பஞ்சோடு. மகனிடம் போகும் ஆசையில் வருத்தத்தை மறைத்துச் செத்த பைத்தியக்காரி என்று ஊர் முழுக்கப் பேசும். அதுவும் இனி அவர் எழுந்து மறுத்துப் பேச முடியாத நேரத்தில்.

அரிசியைப் போட்டாள்.

"ஓம் அண்ணா. காட்டேல்லை."

அதன் பிறகு சில பேர் அவளுடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

சாம்பல் வந்ததும் வீட்டுக்குள் எடுக்கக் கூடாதென்று கராஜில் வைத்தார்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்தபின் ஸ்ரீகாந்தன் போன் எடுத்தான். பெட்டிகளெல்லாம் பிரித்தாகிவிட்டதாம். குரலில் தெளிவு வந்திருந்தது.

"சாம்பலை இங்க அனுப்பு. மூத்தவன் நான்தானே கரைக்கோணும். அங்கயிருந்து இரத்தினசிங்கம் அங்கிள் பேத்தியின்ர கலியாணத்துக்கு இங்க வாறாராம், அவரிட்டக் குடுத்துவிடு."

"விடுவினமோ?"

"எல்லாம் விசாரிச்சனான். எரிச்ச இடத்துக் கடிதத் துண்டும் மரணப் பத்திரமும் இருந்தால் காணும். ஒரு கரைச்சலுமில்லை. எங்கட நாய் ரைகருக்காவது ஊசி போட்டதைக் கேட்டவங்கள்."

வதனி கராஜ் கதவில் சாய்ந்துகொண்டாள்.

"மெடிக்கல் கேக்கமாட்டினமோ அண்ணா?"

"ஆருக்கு?"

"அம்மாவுக்கு."

அந்தப் பக்கம் நாய் ஒருமுறை குரைத்தது.

"என்ன விசர்க் கதை கதைக்கிறாய்? சாம்பலுக்கு ஆர் மெடிக்கல் கேக்கிறது?"

"அதுதானே" என்றாள். "சரி, அனுப்பிவிடுறன்."

அம்மாவின் அறையிலிருந்து கனடாவுக்கென்று வாங்கி வைத்திருந்த சின்னச் சூட்கேஸைக் கராஜுக்குத் தூக்கி வந்தாள். மேலே குளிர்ச் சட்டை மடித்திருந்தது. கீழே மகனுக்கென்று மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் இடித்த ஒடியல் மா, தனக்கென்று விலைச்சீட்டுக் கழற்றாத கம்பளிக் காலுறைகள். தூளையும் மாவையும் எடுத்து வெளியே வைத்தாள். சாம்பல் பெட்டியை நடுவில் வைத்து மூடித் தூக்கிப் பார்த்தாள். உள்ளே ஆடியது.

திரும்பத் திறந்தாள். காலுறைகளின் விலைச்சீட்டுகளைக் கழற்றி, சாம்பல் பெட்டியின் இரண்டு பக்கமும் இறுக்கமாகச் செருகினாள். மூடிக் குலுக்கினாள். இப்போது ஆடவில்லை.