முத்துநாட்டுச் சட்டம்

அந்த வருஷம் பொங்கலுக்குப் போர்ட் பிளேர் தமிழ்ச் சனங்கள் சங்கத்துக் கொட்டகையில் நாடாளுமன்றம் நடத்தினார்கள். நிஜ நாடாளுமன்றம் இல்லை, வேடிக்கைக்குத்தான். தீவுக்கென்று சட்டசபை ஒன்றும் கிடையாது. மேலேயிருந்து ஆர்டர் வரும், சனங்கள் தலையாட்டுவார்கள், அவ்வளவுதான். அதனாலோ என்னவோ, இல்லாத ஒரு தேசத்துக்கு மந்திரியாக உட்கார்ந்து சட்டம் போடுவதில் ஆம்பிளைகளுக்கு அப்படியொரு ஆசை.

தேசத்தின் பேர் முத்துநாடு. ஆளுங்கட்சிக்கு இல்லறக் காப்புக் கட்சி என்று பேர் வைத்திருந்தார்கள். பிரதம மந்திரி சிவஞானம். சங்கத்துச் செயலாளர் அவர்தான். பகலில் சர்க்கார் ஆபீசில் ஹெட் கிளார்க். எதிர்க்கட்சித் தலைவர், பஜாரில் மளிகைக்கடை வைத்திருந்த நாகூர் கனி. கயிறு கட்டிப் பிரித்த மறுபக்கத்தில் பெண்கள் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பத்துபஸ்திக் குடியிருப்பு ஜெயலட்சுமியும் அந்தக் கூட்டத்தில்தான் இருந்தாள்.

சிவஞானம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு குடும்பச் சீர்திருத்தச் சட்டம் என்று வாசித்தார். மாமியார் கப்பலேறி வந்தால் அதே கப்பலில் அரசாங்கச் செலவில் திருப்பி அனுப்பப்படுவார். சிரிப்பு. மீன் வாங்கப்போகும் மனைவி வழியில் நின்று பேசினால் மீன் பறிமுதல். இன்னும் சிரிப்பு. புருஷன் கையெழுத்து இல்லாமல் எந்தப் பெண்ணுக்கும் மெயின்லேண்ட் கப்பலில் டிக்கெட் கிடையாது.

நாகூர் கனி எழுந்தார். "அப்ப புருஷன் டிக்கெட்டுக்குப் பொண்டாட்டி கையெழுத்து வேணாமா, கனம் பிரதமரே?"

"எதிர்க்கட்சித் தலைவர் வூட்ல யாரு கையெழுத்துப் போடுறாங்கன்னு நாட்டுக்கே தெரியும். நீங்க உக்காருங்க."

கொட்டகை அதிர்ந்தது. நாகூர் கனியின் மனைவி ரம்ஜான் பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஜெயலட்சுமியும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். நாகூர் கனி எதிர்த்து ஓட்டுப் போட்டார்; மற்ற எல்லாரும் கை தட்டினார்கள், சட்டம் நிறைவேறியது.

அதோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. குழாயடியில் எவளாவது நின்று பேசினால் "மீன் பறிமுதல்" என்று போகிற வருகிற ஆம்பிளைகள் சொன்னார்கள். முதலில் சிரித்துக்கொண்டு சொன்னார்கள். பிறகு சிரிக்காமலே சொன்னார்கள். லம்பா லைன் தெருவில் ஒருத்தன், அண்ணன் வீட்டுக்குப் போய் வந்த பெண்டாட்டியைச் சங்கத்துச் சட்டம் தெரியாதா என்று கேட்டு அடித்தானாம். யாரும் போய்க் கேட்கவில்லை.

மாசி பிறந்து ஒரு நாள், ஜெயலட்சுமியின் புருஷன் குழந்தைவேலு சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்: "சுசீலாவுக்கு மாப்பிள்ள பாத்தாச்சு. அண்ணன் சொல்லி அனுப்பியிருக்காரு. பங்குனி முகூர்த்தம்."

சுசீலா அவர்களுக்கு ஒரே பிள்ளை. படிக்கட்டும் என்று ஊரில் பெரியப்பா வீட்டில் விட்டிருந்தார்கள்.

ஜெயலட்சுமிக்குக் கையில் இருந்த கரண்டி அப்படியே நின்றது. "அவளுக்குப் பதிமூணு வயசுங்க."

"தெரியும். பெத்தவனுக்குத் தெரியாதா?"

"யாரு மாப்பிள்ள?"

"ரைஸ் மில்லுக்காரர். மொத சம்சாரம் தவறிப்போச்சு. ரெண்டு புள்ளைங்க. வசதியான எடம்."

"அந்தாளு வயசு என்ன?"

"ஒனக்கு எதுக்கு அது? நாம இங்க கடலுக்கு நடுவுல கெடக்கோம். பொட்டப்புள்ளய எத்தன நாளு அடுத்தவன் வூட்ல வச்சுக் காப்பாத்துவான்? அண்ணன் தலையில இருக்க பாரம் எறங்கணும்ல?"

"நான் போயி கூட்டிட்டு வந்துடுறேன். இங்கயே இருக்கட்டும், இங்கயே படிக்கட்டும்."

குழந்தைவேலு கையை உதறிக்கொண்டு எழுந்தான். "நீ போனா காரியம் கெட்டுச்சு. நீ எங்கயும் போக வேணாம். கல்யாணத்த அவங்களே பாத்துப்பாங்க."

அன்றைக்குப் பூராவும் அழுதாள். மறுநாள் அழவில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு சிவஞானம் வீட்டுக்குப் போனாள். காரணம் இருந்தது. கப்பல் மாதத்துக்கு ஒன்றோ இரண்டோதான் வரும், கூட்டம் அம்மும். சங்கத்துச் செயலாளர் யார் யாருக்குச் சிபாரிசு செய்கிறாரோ அவர்களுக்கு டிக்கெட் வீடு தேடி வந்துவிடும். தமிழ்க்காரர்களில் யாரும் ஆபீஸ் வரிசையில் போய் நின்றதே கிடையாது. அது மற்றவர்களின் வரிசை என்றே நினைத்திருந்தார்கள்.

சிவஞானம் ஈசிசேரில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் கேட்டார்.

"வேலு கையெழுத்துப் போட்டானா?"

"அவரு எப்படி சார் போடுவாரு? அவருதான வேணாங்குறாரு."

"அப்ப என்னம்மா என்கிட்ட வந்து நிக்கிற? சட்டம் போட்டோமே, நீயும் இருந்தியே. கை கூடத் தட்டின."

ஜெயலட்சுமி அவர் முகத்தையே பார்த்தாள். வாயோரத்தில் சிரிப்பு வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை.

"அது வெளையாட்டு சார்."

"வெளையாட்டுல சொன்னாலும் சரியானதத்தான் சொன்னோம். இந்தத் தீவு எப்படிப்பட்ட எடம்னு தெரியுமில்ல? அவனவன் சாதி சனத்த விட்டுட்டு வந்து கெடக்கான். பொம்பளைங்களும் இஷ்டத்துக்குக் கப்பலேறினா நாளைக்கு நம்மாளுங்க குடும்பம்னு ஒண்ணு இருக்குமா? சங்கம்னா சும்மா பொங்கல் கிண்டுறதுக்கா?"

"புள்ளைக்குப் பதிமூணு வயசு சார். உங்க பொண்ணுன்னா விட்ருவீங்களா?"

"ஏம்மா, எம் பொண்ணப் பத்திப் பேசாத." எழுந்து உள்ளே போய்விட்டார்.

அங்கிருந்து நேரே நாகூர் கனி கடைக்கு வந்தாள். கேட்டதும் அவர் கொதித்துப்போனார். "நாடகத்த நாடகமா வைக்கத் தெரியாத பயலுவ! நான் எதிர்த்து ஓட்டுப் போட்டேன்மா, நீயே பாத்த!"

கல்லாவுக்குப் பின்னால் மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்த ரம்ஜான் பீவி நிமிர்ந்தாள். "ஓட்டுப் போட்டாராம். போட்டுட்டு அந்தாளு வூட்ல போயி சர்க்கரைப் பொங்கல் தின்னுட்டு வந்தீங்கல்ல? இப்பப் போயி கேளுங்களேன்."

"சங்கத்தோட சண்ட போட்டா யாவாரம் என்னாகுறது புள்ள?"

"அதான பாத்தேன்." அவள் ஜெயலட்சுமி பக்கம் திரும்பினாள். "இந்தா பாரு லட்சுமி, இந்த ஆம்பிளைங்கள நம்பாத. கப்பல் ஆபீஸ்ல பெங்காலி நிக்குறா, ராஞ்சிக்காரி நிக்குறா, தெலுங்குக்காரி நிக்குறா. அவளுக எந்தச் சங்கத்தக் கேட்டா நிக்குறாளுக? ஒனக்குக் காலு இல்லயா?"

"எனக்கு இந்தி..."

"மீன்காரிகிட்ட வெல பேசுறியே, அந்த இந்தி போதும்."

கவுண்டர் திறக்கும் அன்று காலையில், முட்டை விற்றுச் சேர்த்த காசை முந்தானையில் முடிந்துகொண்டு ஜெயலட்சுமி வரிசையில் போய் நின்றாள். கூட வருகிறேன் என்ற ரம்ஜான் பீவியைப் புருஷன் கடையைவிட்டு நகரவிடவில்லை. வெயில் ஏறியது. முன்னால் நின்ற பெங்காலிக் கிழவி மூட்டையின் மேல் உட்கார்ந்து பீடி பிடித்தாள். வரிசை புழுவாக நகர்ந்தது.

யார் போய்ச் சொன்னார்களோ, கவுண்டரை நெருங்குகிற சமயத்தில் குழந்தைவேலு வந்தான். பின்னாலேயே குடையும் கையுமாகச் சிவஞானம்.

"வெளிய வாடி." மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். அவள் கவுண்டர்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். வரிசை கூச்சல் போட்டது.

உள்ளே இருந்த கிளார்க் பேனாவை வைத்தார். "ஏ! க்யா தமாஷா ஹை?" என்ன கூத்து இது?

சிவஞானம் முன்னால் வந்தார். கிளார்க் அவரைப் பார்த்ததும் தெரிந்தவர் போலத் தலையசைத்தார். அந்தத் தைரியத்தில் இவர் சொன்னார்: "இஸ்கோ டிக்கெட் நஹீ தேனா. கானூன் ஹை." இவளுக்கு டிக்கெட் கொடுக்கக் கூடாது, சட்டம் இருக்கிறது.

"கௌன் சா கானூன்?"

சிவஞானம் குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"சொல்லுங்க சார்," என்றாள் ஜெயலட்சுமி. "எந்தச் சட்டம்னு கேக்குறாரு. எந்த தேசத்துச் சட்டம்னு சொல்லுங்க. பிரதம மந்திரி யாருன்னும் சொல்லுங்க."

வாசலில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்த இரண்டு தமிழ்க் கூலிக்காரர்கள் பொத்துக்கொண்டு சிரித்தார்கள். சிவஞானத்தின் காது சிவந்தது. "வோ... ஹமாரா சமாஜ் கா..." என்று, எங்கள் சமூகத்துச் சட்டம் என்பது போல இழுத்தார். இன்னொரு சர்க்கார் ஊழியரின் முன்னால் முத்துநாடு என்ற வார்த்தை அவர் வாயில் வரவில்லை.

குழந்தைவேலுவுக்கு அந்தச் சங்கடமெல்லாம் இல்லை. "மேரா ஔரத் ஹை சாப். மத் தேனா." என் பெண்டாட்டி, டிக்கெட் கொடுக்காதீர்கள். அவ்வளவுதான்.

கிளார்க் ஜெயலட்சுமியை ஒரு தடவை பார்த்தார், அவனை ஒரு தடவை பார்த்தார். அவள் கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். இந்த ஆளும் ஆம்பிளைதான். பெண்டாட்டி என்று சொன்ன பிறகு என்ன இருக்கிறது?

கிளார்க் ஒரு வெள்ளைத் தாளை வெளியே தள்ளினார். "லிக்கே தோ. க்யூ நஹீ ஜானே கா, காரண் லிக்கோ. சைன் கரோ. தானே மே பேஜேகா." ஏன் போகக் கூடாது என்று காரணம் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார். அவருக்கு ஒன்றும் இவள்மேல் பரிவு இல்லை. நாளைக்குத் தன் தலை உருளக் கூடாது என்பதுதான். போலீஸ் ஸ்டேஷனுக்கு அனுப்பும் காகிதம் என்று எல்லாருக்கும் விளங்கியது.

"எழுதுங்க," என்றாள் ஜெயலட்சுமி. "பதிமூணு வயசுப் புள்ளைய ரெண்டாந்தாரமாக் கட்டிக் குடுக்கப்போறேன், இவ தடுத்துருவான்னு எழுதுங்க. சார் சாட்சிக் கையெழுத்துப் போடுவாரு."

சிவஞானம் பாம்பைக் கண்டவர் போலப் பின்வாங்கினார். "வேலு, இது ஒங்க வூட்டு விஷயம்ப்பா. என்ன எதுக்கு இழுக்குற? எனக்கு ஆபீசுக்கு நேரமாச்சு." குடையை விரித்தார், போயே போய்விட்டார்.

குழந்தைவேலு தாளைப் பார்த்தபடி நின்றான். பேனாவை எடுக்கவில்லை. பின்னால் யாரோ தெலுங்கில் திட்டினார்கள். அவள் மணிக்கட்டிலிருந்து அவன் கை தானாக விட்டது.

"போ," என்றான். "போயிட்டு வா. வந்தா எந்த வூட்டுக்குள்ள நொழையிறன்னு பாக்குறேன். பத்துபஸ்தியில ஒரு வாசல் ஒனக்குத் தொறக்காது."

அவள் கவுண்டர் பக்கம் திரும்பினாள். எங்கே நுழைவோம் என்று அவளுக்கே தெரியாது. சண்டை போட்டுக்கொண்டாவது ரம்ஜான் பீவி ஒரு மூலை தருவாள் என்று நினைத்தாள். நிச்சயமில்லை. ஊரில் பெரியப்பா வீட்டில் பிள்ளையை இவளோடு அனுப்புவார்களோ, கதவை அடைப்பார்களோ, அதுவும் தெரியாது. பங்குனிக்கு முன்னால் இந்தக் கப்பல் சென்னையைத் தொட்டுவிடும், அது ஒன்றுதான் தெரியும்.

முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காசைக் கம்பிக்குள் தள்ளினாள்.

"அகேலி?" கிளார்க் தலை நிமிராமலே கேட்டார். தனியாகவா?

ஜெயலட்சுமி மீன்காரியிடம் பேசும் இந்தியில் சொன்னாள்: "ஜானே கா ஏக். ஆனே கா தோ." போக ஒன்று, வர இரண்டு.

"ஆனே கா உதர் சே லேனா," என்றார் அவர், திரும்பி வருவதற்கு அங்கேதான் வாங்க வேண்டும் என்று. டிக்கெட்டில் முத்திரை குத்தி வெளியே தள்ளினார். "நெக்ஸ்ட்!"