நேர்ல வாங்க

மெஷினில் சின்னக் கோளாறு என்றால் போனிலேயே சொல்லிவிடுவாள். "பெல்ட் அறுந்திருந்துதுங்க, மாத்தியாச்சு, சாயங்காலம் வந்து எடுத்துக்குங்க." மோட்டாரே போய்விட்டது என்றால் சொல்ல மாட்டாள். குரலை ஒரு படி இறக்கி, "ஒண்ணும் பயப்படாதீங்க, ஒருதடவை நேர்ல வந்துட்டுப் போங்களேன்" என்பாள். பதினெட்டு வருஷமாக அந்த ரிப்பேர் கடையின் வழக்கம் அதுதான். கெட்ட சேதியைப் போனில் சொன்னால் ஆள் காது கிழியக் கத்துவான். அதே ஆள் நேரில் வந்து, பிரித்துப் போட்ட மெஷினையும் கருகிக் கிடக்கும் மோட்டாரையும் பார்த்தால் பெட்டிப் பாம்பாக அடங்கிவிடுவான். இது அவளே கண்டுபிடித்த சூத்திரம். அதில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

புருஷனுக்கும் பேச்சுக்கும் ஏழாம் பொருத்தம். அவர் மெக்கானிக். பிரிப்பார், மாட்டுவார், சரியாகிவிட்டால் ஸ்க்ரூடிரைவரால் மெஷினின் தலையில் ஒரு தட்டுத் தட்டுவார். அவ்வளவுதான் அவர் பேசுவது. மிச்சப் பேச்சு எல்லாம் கவுன்ட்டரில் உட்கார்ந்திருக்கும் அவள் தலையில்.

அப்படிப்பட்ட மனுஷன் மூன்று மாதமாக வெளுத்துக்கொண்டே வந்தார். நாலு படி ஏறினால் மூச்சு வாங்கியது. கையிலிருந்து ஸ்க்ரூக்கள் நழுவி விழுந்தன. "இப்ப வர்ற ஸ்க்ரூ எல்லாம் சோப்பு மாதிரி வழுக்குது" என்று ஸ்க்ரூவின் மேல் பழியைப் போட்டார். அவளும் நம்பினாள் என்று சொல்ல மாட்டேன். நம்பினால் நல்லது என்று நினைத்தாள். கடைசியில் ரத்தத்தைச் சோதித்தபோது, சிவப்பு, வெள்ளை, தட்டணு என்று மூன்றும் அடிமட்டத்தில் இருந்தன. எலும்பு மஜ்ஜையை எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார் டாக்டரம்மா.

இடுப்பெலும்பில் துளை போட்டு எடுத்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்துவிட்டு வெளியே வந்தவர், "சொல்லியிருந்தா நம்ம கடை ட்ரில்லையே கொண்டு வந்திருப்பேன், அவங்களது பழசு" என்றார். மூன்று மாதத்தில் அவர் அடித்த ஒரே ஜோக். அவள் சிரித்துவிட்டு, கழிவறைக்குப் போய் அழுதாள். ரத்தப் புற்று என்ற வார்த்தையை இருவருமே வாயால் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் வராமல் இருந்துவிடுமா என்ன?

ரிசல்ட் வர ஒரு வாரம், பத்து நாள் ஆகும் என்றார்கள். படிவத்தில் கடை நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். அன்றிலிருந்து போன் மணி அடிக்கும்போதெல்லாம் முதல் மணியிலேயே அவள் பாய்ந்து எடுத்தாள். "என் ஃப்ரிட்ஜ் ரெடியா?" என்று எவனாவது கேட்டால், அவனை அப்படியே கட்டிக்கொள்ளலாம் போல ஆசையாக இருந்தது.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு அது வந்தது.

"ஆஸ்பத்திரியிலிருந்து பேசறேங்க. ரிசல்ட் வந்திருக்கு. அவரைக் கூட்டிக்கிட்டு நேர்ல வாங்க" என்றது ஒரு பெண் குரல்.

"என்ன வந்திருக்குன்னு சொல்லுங்களேன்."

"போன்ல சொல்றதில்லைங்க. டாக்டர் நேர்ல பார்க்கணுங்கறாங்க. நீங்களும் கூட வாங்க. சீக்கிரம் வந்தா நல்லது." கொஞ்சம் நிறுத்தி, குரலை ஒரு படி இறக்கி, "ஒண்ணும் பயப்படாதீங்க" என்றாள் அந்தப் பெண்.

அவள் வாயிலிருந்து ஆயிரம் முறை போன வாக்கியம். ஒரு எழுத்து மாறவில்லை. இறக்கிய குரல்கூட அதே குரல். மோட்டார் போய்விட்டது, அவ்வளவுதான். அதற்குமேல் அவளுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மகராசி, தான் வெட்டிய குழியின் ஆழம் தனக்குத் தெரியாதா.

"யாரு?" என்று உள்ளேயிருந்து கேட்டார் அவர்.

"ராங் நம்பர்."

ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. ஒரே ஒரு நாள், இன்றைக்கு மட்டும், ஒன்றும் இல்லாத மனுஷனாக அவர் சாப்பிட்டுத் தூங்கட்டும் என்று நினைத்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம். ஒத்திப் போடுகிறவர்கள் எல்லோரும் இந்த 'நாளை'யில்தான் குடியிருக்கிறார்கள்.

செவ்வாய்க்கிழமையும் சொல்லவில்லை. அன்றைக்கு அவர் நன்றாகச் சாப்பிட்டார். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டவரிடம் எந்த வாயால் சொல்வது? மத்தியானம் நாத்தனார் போன் செய்தாள். தினமும் செய்கிறவள்தான்.

"ரிசல்ட் வந்துச்சா அண்ணி?"

"இன்னும் வரலை."

"இவ்வளவு நாளா? எலும்பை எடுத்து என்ன, சமைச்சா பார்க்கறாங்க? நான் வேணா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேக்கட்டுமா?"

"உனக்கெல்லாம் சொல்ல மாட்டாங்க. நீ சும்மா இரு" என்று வெட்டினாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதைவிடப் பெரிய வேலை இது. பூசணிக்காய் மணி அடிக்காது.

புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். "அவர் வெளியூர் போயிருக்கார், வந்ததும் கூட்டிக்கிட்டு வர்றேன்" என்றாள். அவர் நாலு அடி தள்ளி, தரையில் உட்கார்ந்து ஒரு வாஷிங் மெஷினின் அடிவயிற்றுக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். மூன்று தடவை ஒரே நட்டைப் பொருத்தப் பார்த்து, மூன்று தடவையும் கீழே விட்டார். அவள் காந்தக் குச்சியை எடுத்துக்கொண்டு போய், குனிந்து பொறுக்கிக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி விரலுக்கிடையில் பிடித்து, இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டார். கையில் இருப்பதைக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்கிற மனுஷனை அவள் அன்றுதான் முதலில் கவனித்தாள். கவனித்தும் வாயைத் திறக்கவில்லை. அந்த வாயை என்னவென்று சொல்வது, ஊரையே வளைத்துப் பேசுகிற வாய்.

வியாழக்கிழமை மத்தியானம் ஏதோ தீய்ந்த வாடை வந்தது. மறுபடியும் ஒரு மோட்டார் என்று நினைத்து உள்ளே எட்டிப் பார்த்தாள். அவர் ஒயரைப் பற்றவைத்துக்கொண்டிருந்தார். சால்டரிங் கம்பியின் சூடான முனை இடது கை விரல்களின்மேல் சாய்ந்து கிடந்தது. அவர் பாட்டுக்கு ஒயரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓடிப் போய்த் தட்டிவிட்டாள். இரண்டு விரல்களில் தோல் வெந்து கொப்பளித்திருந்தது. அவர் அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். "சுடவே இல்லையே" என்றார், குழந்தை மாதிரி.

தண்ணீர்க் குழாயைத் திறந்து அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டே, "ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துச்சு. இப்பவே போகலாம்" என்றாள். என்றைக்கு வந்தது என்று அப்போதும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

போகிற வழியெல்லாம் அன்றைக்கு அவர்தான் பேசினார். "நீல மெஷின்ல பம்ப் மாத்தியாச்சு. கொடுத்துடு. மாடி வீட்டு மைக்ரோவேவ் இனிமே ஆகாது, அவங்களை ஏமாத்த வேண்டாம். டூல் பெட்டியை யாருக்கும் இரவல் கொடுக்காதே, திரும்பி வராது." ஒவ்வொன்றுக்கும் அவள் சரி சரி என்றாள். இந்த மனுஷன் கடையை அவள் கையில் ஒப்படைத்துக்கொண்டு வருகிறார் என்று புரிந்தபோது, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

டாக்டரம்மாவின் அறையில் இரண்டு நாற்காலிகள். இவர்கள் உட்காருவதற்குள் டாக்டரம்மா ஃபைலைத் திறந்துவிட்டார்.

"புற்று எதுவும் இல்லை. எலும்பு மஜ்ஜைல கெட்ட செல் ஒண்ணுகூட இல்லை."

அவளுக்குக் காதில் விழுந்தது, புரியவில்லை. மறுபடியும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். டாக்டரம்மா பொறுமையாக மறுபடியும் சொன்னார். அவள் முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதாள். புருஷன் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"பி பன்னெண்டுன்னு ஒரு வைட்டமின். இவர் உடம்புல அது துளிகூட இல்லை. ரத்தம் ஊறாததுக்கு அதுதான் காரணம். நரம்புக்கும் அதுதான் சாப்பாடு. ஊசி போட ஆரம்பிச்சா ரத்தம் கடகடன்னு ஏறிடும், அதைப் பத்திக் கவலை இல்லை." டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். "நரம்பு அப்படி இல்லை. பட்டினி கிடந்த நரம்பு எவ்வளவு திரும்பி வரும்ங்கறது நாம எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கறோம்ங்கறதைப் பொறுத்தது. அதனாலதான் திங்கட்கிழமையே வரச் சொன்னேன். புதன்கிழமை மறுபடி கூப்பிடச் சொன்னேன். போன்லயா ஊசி போட முடியும்? மூணு நாள் எங்க போயிருந்தீங்க?"

புருஷன் மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தார். திங்கட்கிழமை என்றால் ராங் நம்பர் என்று அவர் கணக்குப் போட்டு முடிக்க அதிக நேரம் ஆகவில்லை. மெக்கானிக் அல்லவா.

"என் தப்புதான் டாக்டர்" என்றார். "கடைல வேலை முடியட்டும்னு இருந்துட்டேன். இவ தினம் சொல்லிக்கிட்டேதான் இருந்தா."

பதினெட்டு வருஷத்தில் அவர் யாரிடமும் இவ்வளவு நீளமாகப் பொய் சொல்லி அவள் கேட்டதில்லை.

"இல்லை டாக்டர்" என்றாள். "இவருக்குத் தெரியாது. நேர்ல வாங்கன்னதும் எல்லாம் முடிஞ்சுதுன்னு நினைச்சுட்டேன். சொல்லப் பயந்துட்டேன். நான்தான் மறைச்சேன்."

டாக்டரம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. "மூணு நாள்ல எவ்வளவு போச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா. இப்ப எவ்வளவு மிச்சம் இருக்குன்னு முதல்ல பார்த்துக்கறேன்" என்று சொல்லி நர்ஸைக் கூப்பிட்டார்.

நர்ஸ் ஒரு பஞ்சை நுனியில் திரித்துக்கொண்டு வந்தாள். அவர் நெற்றியில் ஒருமுறை தொட்டுக் காட்டினாள். "இந்த மாதிரிதான் இருக்கும். கண்ணை மூடிக்குங்க. விரல்ல தொடும்போது தெரியுதுன்னு சொல்லணும்."

அவர் கண்ணை மூடி, புண்ணாகாத வலது கையை மேஜைமேல் விரித்து வைத்தார்.

"தெரியுது" என்றார் உடனே. அவள் பக்கமாக முகத்தைத் திருப்பி, இன்னும் சத்தமாக, "நல்லாவே தெரியுது" என்றார்.

நர்ஸின் கை இன்னும் காற்றில்தான் இருந்தது. "நான் இன்னும் தொடலைங்க" என்றாள்.

அவர் முகம் சுருங்கிப்போனது. "எனக்காகச் சொல்லாதீங்க. தொட்டாங்கன்னா மட்டும் சொல்லுங்க" என்றாள்.

சரி என்று தலையாட்டிவிட்டு அவர் அசையாமல் உட்கார்ந்தார். பஞ்சு சுண்டுவிரலைத் தொட்டது. மோதிர விரலைத் தொட்டது. நடுவிரலில் இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள் நர்ஸ். ஆள்காட்டி விரல், கட்டை விரல், உள்ளங்கையின் ஓரம். டாக்டரம்மா ஃபைலில் ஏதோ எழுதினார். கடிகாரத்தைப் பார்த்தாள் நர்ஸ். அவர் கண்ணை இறுக்கி மூடி, கழுத்தை லேசாக முன்னே நீட்டி, கவனமாகக் காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஆரம்பிக்கலையா?" என்று கேட்டார்.

நர்ஸ் டாக்டரம்மாவைப் பார்த்தாள். டாக்டரம்மா பேனாவை மூடிவிட்டு வாயைத் திறக்கப் போனார். அவரை வேண்டாம் என்று கையமர்த்திவிட்டு, அவள் எழுந்து புருஷன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆரம்பிச்சு முடிச்சாச்சுங்க" என்றாள். "அஞ்சு விரலையும் தொட்டாங்க."