ஏணித் தண்டு

பேக்கர்ஸ்பீல்டு ஊரில் பழைய காருக்குப் பின்சக்கரப் பக்க வேலை என்றால் ஆர்லோவிடம்தான் போவார்கள். வேலை படு சுத்தம், வாய்தான் நீளம். பட்டறைக்கு வருகிறவன் எவனாக இருந்தாலும் நாலு பேர் முன்னால் வாரிவிடாமல் அனுப்ப மாட்டான். அந்தக் கேலியால் ஓர் உயிர் போயிருக்கிறது என்பது அவனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அன்று காலை மார்லீன் ஒரு ஃபால்கன் காரை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு வந்து நின்றாள். அறுபத்துநாலாம் வருஷத்து வண்டி. ஆர்லோவின் தம்பி டுவைட் ஆசை ஆசையாய்க் கட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்பு ஆற்றுப் பள்ளத்தாக்குச் சாலை வளைவில் பாறையில் மோதி அவனைக் கொன்றதும் அதே வண்டிதான். மார்லீன் அவன் மனைவி. நசுங்கிப்போன இடது பக்கத்தை வேறு எங்கோ கொடுத்து நிமிர்த்தியிருந்தாள்.

"டெஸ்ஸுக்கு அவ அப்பா வண்டிதான் வேணுமாம். வேற எதக் காட்டினாலும் மூஞ்சியத் திருப்பிக்கிறா. பின்னாடி மட்டும் நீ பாத்துக் குடுத்துரு ஆர்லோ."

டெஸ் அவர்களுடைய ஒரே மகள். பதினெட்டு வயது.

ஆர்லோ வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தான். அவன் கையால் வெல்டிங் வைத்த ஏணித் தண்டுகள் ஒரு கீறல் இல்லாமல் அப்படியே இருந்தன. 

"இத வெட்டி எறிஞ்சுட்டு நாலு தண்டு போட்டுரலாம். ரோட்டுல ஓட்டறதுக்கு அதுதான் சரி" என்றான், முகத்தைக் காட்டாமல்.

"இது டுவைட் ஆசப்பட்டுப் போட்டதுதானே?"

ஆர்லோ தண்டில் படிந்திருந்த தூசியைத் துடைத்தான்.

"அப்ப இதே இருக்கட்டும். அப்பா எப்படி வச்சிருந்தாரோ அப்படியே வேணும்னு அவ ஒத்தக் கால்ல நிக்கிறா. எதையும் மாத்தாத."

ஏணித் தண்டு என்பது பந்தயக்காரன் சமாச்சாரம். பக்கத்துக்கு ஒன்றாகச் சின்ன ஏணி போன்ற இரண்டு தண்டுகள், பின்சக்கரங்களை இணைக்கும் ஆக்சிலை இறுகப் பிடித்துக்கொள்ளும். நேர்கோட்டில் கால் மைல் பறக்க அதற்கு ஈடில்லை. வளைவிலோ ஒரு சக்கரம் ஏறி மறு சக்கரம் இறங்கியாக வேண்டும். ஏணி அதற்கு விடாது. பின்பக்கம் விறைத்துப்போய், வால் வழுக்கிக்கொண்டு போகும். நாலு தண்டு அப்படி இல்லை, ஆக்சில் அதன் இஷ்டத்துக்குச் சாய்ந்து கொடுக்கும்.

இது ஆர்லோவுக்குத் தெரியாததா? ஆனால் சனிக்கிழமை தவறாமல் பந்தயத் திடலுக்குப் போகிற கூட்டம் அவன் பட்டறையில் கூடுவது. அந்தக் கூட்டத்தில் நாலு தண்டு கேட்கிறவன் ஆம்பிளையே இல்லை. டுவைட் கேட்டான். பழுப்புக் காகிதப் பையைக் கிழித்து, தானே அளவெடுத்துப் படம் போட்டுக்கொண்டு வந்திருந்தான். ஆர்லோ அதைப் பிடுங்கி, பட்டறையில் பீர் குடித்துக்கொண்டிருந்தவர்களிடம் தூக்கிக் காட்டினான். "பாருங்கடா, என் தம்பி பாட்டிய சர்ச்சுக்குக் கூட்டிட்டுப் போக வண்டி கட்டறான்!" எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டுவைட்டும் சிரித்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான். அண்ணன் சொன்னதையே போடச் சொன்னான்.

அதோடு நின்றதா பாவம்? ஸ்பிரிங் மாட்டுவதற்கு முன்னால் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கிப் பார்ப்பது அந்தப் பட்டறையின் சட்டம். எங்கே இறுகுகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். ஊரான் வண்டிக்கெல்லாம் அதைச் செய்த மகராசன், சனிக்கிழமை பந்தயத்துக்கு நேரமாகிறது என்று சொந்தத் தம்பி வண்டிக்குச் செய்யவில்லை.

விபத்துக்குப் பிறகு போலீஸ் அதிவேகம் என்று எழுதி முடித்தது. ஆர்லோ சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்தான், வாய் திறக்கவில்லை.

இப்போது டெஸ் அதே வளைவில் அதே வண்டியை ஓட்டப்போகிறாள்.

ஆர்லோ வண்டியை நான்கு ஸ்டாண்டுகளில் நிறுத்தினான். பின் ஸ்பிரிங்குகளைக் கழற்றினான். வலது பின்சக்கரத்துக்கு அடியில் ஜாக்கியைத் தள்ளிவிட்டு, "மார்லீன், இங்க வா. நீயே இந்தக் கம்பிய அடி" என்றான்.

"நான் எதுக்கு?"

"அடிச்சுப் பாரு, சொல்றேன்."

அவள் அடித்தாள். சக்கரம் இரண்டு அங்குலம் ஏறி நின்றுவிட்டது. மறுபடி அடித்தாள். முனகிக்கொண்டு வண்டியே ஸ்டாண்டைவிட்டு எழும்பியது.

"சக்கரம்தானே ஏறணும்? வண்டி எதுக்கு ஏறுது?"

"அதான் மார்லீன். அன்னிக்கு அந்த வளைவுல நடந்தது இதான். வேகமா போயிருக்கணும்னு அவசியமே இல்ல. நிதானமா போனாலும் தூக்கி எறிஞ்சிருக்கும்."

அவள் ஜாக்கிக் கம்பியை விடவில்லை. "இது தெரிஞ்சேவா அவன் போட்டான்?"

"அவன் போடல. நாலு தண்டுதான் வேணும்னான். நான்தான் நாலு பேர் முன்னாடி நக்கலடிச்சு இத மாட்டிவிட்டேன். இப்படித் தூக்கிக்கூடப் பாக்கல."

பட்டறையில் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. ஆர்லோ போய் அதை அணைத்துவிட்டு வந்தான். தன்னை அடிப்பாள் என்று நினைத்தான். அடித்திருந்தால் தேவலை.

"ரெண்டு வருஷமா நான் அவன் கல்லறைப் பக்கமே போகல" என்றாள் மார்லீன். "பொண்டாட்டி புள்ளய நெனைக்காம வேகத்துல செத்தவனுக்குப் பூ ஒரு கேடான்னு சொல்லி டெஸ்ஸையும் போக விடல. நீ மட்டும் மாசம் தவறாம பூ வச்சுட்டு வந்த. பாரு, அவன் அண்ணனுக்கு எவ்வளவு பாசம்னு நான் அவகிட்ட சொல்லுவேன்."

ஆர்லோவால் நிமிர முடியவில்லை. வெட்கமாக இருந்தது, அதைவிடப் பயமாக இருந்தது. டுவைட் போனபின் அவனைத் தேடி வருகிற உறவு என்று இருந்தது இந்த இரண்டு பேர்தான்.

மார்லீன் போனை எடுத்து மகளை அழைத்தாள். "நீயே சொல்லு" என்று அதை அவன் கையில் திணித்தாள்.

"பெரியப்பா! அப்பா வண்டி எப்ப ரெடியாகும்?" அந்தக் குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"டெஸ், உங்கப்பா மேல தப்பில்லம்மா. அவன் வேகமா போய் சாகல."



"அப்ப யார் மேல தப்பு, பெரியப்பா?" என்றாள் டெஸ்.