கூரைக்கு மேல் நின்ற கம்பிகள்

1

அன்று மொட்டைமாடியில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் மனைவி பொலிக்ஸெனி, மகள் அரெத்தி, என் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாக நின்ற பக்கத்து வீட்டு சராந்திஸ், நகராட்சிப் பொறியாளர் தெக்லா. வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்லித் திரிபவர்களால்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'வோலோஸ் துறைமுகத்தின் மேல் வெயில் பொன்னாக...'

அடித்துவிட்டேன். இந்தக் கதையில் வெயிலுக்கு வேலை இல்லை. கம்பிகளுக்கு உண்டு.

கிரேக்க நாட்டில் எங்கள் பக்கத்தில் வீடு கட்டுகிறவன் தூண் கம்பிகளைக் கூரையோடு வெட்டமாட்டான். மேலே நிற்கவிடுவான். மகளுக்கு ஒரு மாடி வரும் என்று தெருவுக்குக் கொடுக்கும் வாக்கு அது. என் தந்தை விட்ட கம்பியில் என் தங்கையின் மாடி எழுந்தது. அதன் மேல் அரெத்திக்காக நான் விட்டேன். ஆனால் எங்கள் தெருவில் அதற்கு மேல் கட்ட விதி இடம் தரவில்லை.

பிறகு நகராட்சி ஒரு சலுகை அறிவித்தது. குளிரும் சூடும் புகாத சுவர், மழைநீர்த் தொட்டி, கூரை முழுக்கச் செடி. இவை இருந்தால் கூடுதலாக ஒரு மாடி. எல்லாம் செய்தேன். அரெத்தியின் மாடி எழுந்தது. கூரையில் மண் பரப்பி ரோஸ்மேரி நட்டோம். செடிகளுக்கு நடுவே, வழக்கப்படி, கம்பிகளையும் விட்டேன்.

3

குடியேற ஒப்புதல் தருவதற்குமுன் பார்வையிட வந்த தெக்லா, ஒரு கம்பியைத் தட்டினார்.

"ஐயா, இது என்ன?"

"பேத்தியோட மாடி."

"பேத்தி எங்க?"

"இன்னும் பொறக்கல," என்றாள் அரெத்தி. "எனக்குக் கல்யாணமே ஆகல. அவளுக்கு மாடி மட்டும் ரெடி."

"தக்காளிக்கு ஊணுகோல்னு எழுதிக்கோங்கம்மா," என்றான் சராந்திஸ்.

"நீ சும்மா இருய்யா," என்றேன் அவனிடம்.

தெக்லா சிரிக்கவில்லை. (முந்தைய பிரதியில் சிரிக்க வைத்திருந்தேன். அவரை எனக்கு வசதியாக வளைக்கப் பார்த்தேன், நீக்கிவிட்டேன்.)

"செடிக் கூரைன்னா அதுதான் கடைசிக் கூரை, ஐயா. மேல கட்டக் கம்பி நின்னா சலுகை இல்ல. சலுகை இல்லன்னா இந்த மாடியே இல்ல."

"வெட்டினா இந்தக் குடும்பம் இதோட முடிஞ்சுதுன்னு தெருவே பேசும்," என்றேன்.

"வெட்டலன்னா நான் வாடகை வீட்டுலயே கிடப்பேன்," என்றாள் அரெத்தி. "பொறக்காதவளுக்குக் கொடுத்த வாக்கு பெருசு. பொறந்தவளுக்குக் கொடுத்தது என்னப்பா ஆச்சு?"

"சீக்கிரம் முடிவு பண்ணுங்க," என்றாள் பொலிக்ஸெனி. "அடுப்புல மீன் இருக்கு."

4

கதைக்கு நான் எழுதிப் பார்த்த ஒரு முடிவு: கம்பிகளில் திராட்சைக் கொடியை ஏற்றி, பந்தல் என்று சொல்லி... (சராந்திஸின் யோசனை. எங்கள் வீட்டில் எதையும் ஒளித்து வைப்பதில்லை.)

இன்னொன்று: பொறியாளர் பார்த்தும் பார்க்காததுபோல... (அவர் அப்படிப்பட்டவர் அல்ல.)

அரெத்திக்கு மகள் பிறப்பாளா, பிறந்தால் எந்தக் கூரையின் கீழ் இருப்பாள் என்பதை நான் எழுதப்போவதில்லை. அதை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நகராட்சி ஆட்கள் ஏறி வந்து என் கம்பிகளை வெட்டினார்கள் என்று காப்பிக் கடையில் பேச்சு. தவறு. வெட்டியது நான். கம்பியைப் பிடித்துக்கொண்டது அரெத்தி.